மணலோடு போகும் தண்ணீர்

புது தில்லி: ஆந்திர மாநிலம் ஏர்பேடு காவல் நிலையத்தின் முன் 2017 ஏப்ரல் 21 அன்று திரண்டிருந்த முனகலபாளையம் கிராம விவசாயிகள் மீது லாரி ஒன்று பாய்ந்தது. பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சொர்ணமுகி ஆற்றில் நடந்துவந்த மணல் கொள்ளை குறித்து முறையிட வந்தவர்கள் அவர்கள்.

ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் சொர்ணமுகிக்கு மணல்தான் நீர்த்தொட்டி. வெள்ளம் வரும்போது மணல் துகள்களின் இடுக்குகளில் தண்ணீர் தங்கிவிடுகிறது. மேல்மணல் காய்ந்து மூடி போலாகிவிடுவதால் அடியில் உள்ள நீர் எளிதில் ஆவியாவதில்லை. கரையோரக் கிணறுகள் கோடையிலும் ஊறுவது இதனால்தான். பாலாற்றில் ஊற்றுக்கால் வெட்டிப் பயிர் செய்த வட ஆற்காட்டு விவசாயிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மணலை அடிவரை அள்ளிவிட்டால் வெள்ளம் தங்காமல் கடலுக்குப் போய்விடும்.

சட்டத்தின் பார்வையிலோ மணல் வெறும் 'சிறு கனிமம்'. அதற்கு விதி வகுக்கும் அதிகாரத்தை 1957ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் மாநிலங்களிடம் விட்டுள்ளது. ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குத்தகைக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரியில் கூறியது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2016இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதே ஆண்டில்தான் ஆந்திர அரசு மணலை இலவசமாக்கியது! 2019இல் கைவிடப்பட்ட அத்திட்டம், ஆட்சி மாறியதும் 2024இல் திரும்பி வந்தது. நாடாளுமன்றத்தில் மணல் குறித்துக் கேள்வி எழுந்தால், அது மாநில அரசுகளின் பொறுப்பு என்பதே மத்திய அரசின் வழக்கமான பதில்.