விளையாட்டுக்கு ஒரு கணிப்பொறி



சிவகாசியில் அச்சாகும் நாட்காட்டியைப் பார்க்காதவர் உங்களுள் எவரும் இரார். அதிலுள்ள படம் நான்கு வண்ண மைகளின் நுண்புள்ளிகளால் ஆனது. ஒரு முறை அச்சேறிவிட்டால் ஓராண்டுக் காலம் சுவரில் தொங்கும். கணிப்பொறி விளையாட்டும் புள்ளிகளால் ஆன படந்தான். ஆனால் அந்தப் படம் ஒரு நொடிக்குள் அறுபது முறை புதிது புதிதாக எழுதப்பட வேண்டும். இன்று பெருவழக்காக உள்ள திரையில் குறுக்கே 1920 புள்ளிகளும் நெடுக்கே 1080 புள்ளிகளும் உள்ளன. பெருக்கிப் பார்த்தால் 20,73,600 ஆகிறது. நொடிக்கு 60 படம் எனின், 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்கு ஒரு நொடியில் நிறம் தீட்டியாக வேண்டும். ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் பதினாறு மில்லிநொடிக்குச் சற்றே அதிகம். அதற்குள் படம் முடியவில்லையென்றால் காட்சி தடுக்கி நிற்கும். ஓடிக்கொண்டிருந்த வீரன் ஓரடி தாவித் தோன்றுவான்.

இத்துணை வேலையைச் செய்யும் பொறியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள். விளையாட்டைப் பற்றி வானொலியில் பேசுவதா என்று பெரியவர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். விருதுநகர், சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டைப் பக்கத்து வீடுகளில் கணிப்பொறி என்பது ஆண்டுதோறும் வாங்கும் தீபாவளித் துணி அன்று. தீப்பெட்டி ஆலையிலோ பட்டாசு ஆலையிலோ அச்சகத்திலோ பெற்றோர் உழைத்துச் சேர்த்த பணத்தில் ஒரு முறை வாங்குவது. படிப்பதும் அதில்தான், விளையாடுவதும் அதில்தான், நாளை வேலை பழகுவதும் அதில்தான். தவறான பொறியை வாங்கிவிட்டால் மாற்று வாங்க மறுபடியும் பல ஆண்டுகள் காத்திருக்க நேரும். ஆதலின் இதைப் பேசுவதில் இழுக்கொன்றும் இல்லை என்பது என் கருத்து.

பெரும்பாலோர் முதலில் பொறியை வாங்கிவிடுகின்றனர். பிறகு அதில் எந்த விளையாட்டு ஓடும் என்று தேடுகின்றனர். இது செருப்பை வாங்கிவிட்டுக் காலை அதற்குள் நுழைக்கப் பார்ப்பது போன்றது. எந்த விளையாட்டை ஆட விரும்புகிறோம் என்பது முதலிலே தெளிவாக வேண்டும். அதன் பிறகே இயங்குதளம்; அதற்கும் பிறகே வன்பொருள்.

இயங்குதளம் என்பது யாது? பொறியின் உறுப்புகளை எல்லாம் ஆண்டு, அவற்றை நிரல்களுக்குப் பங்கிட்டுத் தரும் அடிப்படை நிரலே இயங்குதளம். விண்டோஸ், லினக்ஸ், ஆப்பிள் நிறுவனத்தின் மேக் ஆகியவை இவ்வகையின. விளையாட்டை எழுதுவோர் ஏதேனும் ஓர் இயங்குதளத்தை மனத்திற் கொண்டே எழுதுகின்றனர். நெடுங்காலமாகப் பெரும்பாலானவை விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டு வந்தன. "இந்த முக்கோணத்தை வரை, இந்த நிறத்தைப் பூசு" என்று அவை இடும் கட்டளைகள் டைரக்ட்எக்ஸ் என்னும் விண்டோஸ் மொழியில் அமைந்தவை. லினக்ஸுக்கு அம்மொழி புரியாது. அங்கு வழங்குவது வல்கன் என்னும் வேறொரு மொழி.

கும்பினி ஆட்சிக் காலத்தில் வெள்ளைக்காரருக்கும் நம்மவருக்கும் இடையே நின்று பேசிய துபாஷிகளைப் பற்றி வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அத்தகைய துபாஷி ஒன்று கணிப்பொறியிலும் உண்டு. 1993இல் தொடங்கப்பட்ட வைன் என்னும் நிரல், விண்டோஸ் நிரல்களின் கட்டளைகளை லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றித் தந்தது. அதனை அடிப்படையாகக் கொண்டு 2018ஆம் ஆண்டு ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் புரோட்டான் என்னும் நிரலை விளையாட்டுகளுக்கென்றே வெளியிட்டது. 2022இல் அந்நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்டீம் டெக் என்னும் கையடக்கப் பொறி, லினக்ஸையே இயங்குதளமாகக் கொண்டது. அதில் ஆடப்படும் விளையாட்டுகளில் மிகப் பல இத்துபாஷியின் வழியாகவே ஓடுகின்றன. மொழிபெயர்த்தால் வேகம் குறையுமே என்று ஐயுறலாம். சிறிதளவு குறைவதுண்டு, சில விளையாட்டுகளில் வேறுபாடே தெரிவதில்லை.

எனினும் ஒரு வாயில் இன்னும் அடைபட்டே இருக்கிறது. பட்டாசு ஆலைக்குள் நுழைவோரை வாயிலில் சோதித்துத் தீக்குச்சி, பீடி, கைபேசி முதலியவற்றை வாங்கி வைத்துக்கொள்வதை இவ்வட்டாரத்துப் பிள்ளைகள் அறிவீர்கள். பலர் கூடி இணையத்தில் ஆடும் விளையாட்டுகளிலும் அப்படியொரு காவலன் உண்டு. எவரேனும் கள்ள நிரலை வைத்துக்கொண்டு ஆடுகின்றனரா என்று அவன் சோதிப்பான். சில காவலர்கள் விண்டோஸின் உட்கருவிலேயே அமர்ந்துதான் சோதிப்பார்கள். லினக்ஸில் அவர்களுக்கு இருக்கை இல்லை. வேலொரண்ட் என்னும் விளையாட்டு லினக்ஸில் ஓடாமைக்கு இதுவே காரணம். ஃபோர்ட்நைட்டும் அங்கு ஓடுவதில்லை. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் ஒரு காலத்தில் லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. 2024இல் அவ்வாயிலும் மூடப்பட்டது. கவுண்டர் ஸ்டிரைக் 2, டோட்டா 2 ஆகியவையோ துபாஷியின் உதவியின்றி லினக்ஸில் நேரே ஓடுகின்றன. எனவேதான், எந்த விளையாட்டு என்பதை முதலில் தீர்மானிக்கச் சொன்னேன். உங்கள் நண்பர் குழாம் முழுவதும் வேலொரண்ட் ஆடுகிறதென்றால் விண்டோஸைத் தவிர வேறு வழியில்லை. தனியே அமர்ந்து ஆடும் கதை விளையாட்டுகளே உங்களுக்கு விருப்பமென்றால் லினக்ஸே போதும். அதற்கு விலையும் இல்லை.

லினக்ஸ் நமக்குப் புதியதன்று. 2011ஆம் ஆண்டு தமிழக அரசு பள்ளி, கல்லூரி மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, எல்காட் நிறுவனத்தின் வழியாக வாங்கப்பட்ட அப்பொறிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. பாஸ் என்பது மைய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி 2007இல் வெளியிட்டது. பொறியை முடுக்கியதும் இரண்டில் எது வேண்டும் என்று அது கேட்கும். லினக்ஸ் பக்கத்தை ஒரு முறையேனும் திறந்து பார்த்ததுண்டா என்று உங்கள் அண்ணனையோ அக்காளையோ கேட்டுப் பாருங்கள். அவை படிப்புக்கென்று வந்த பொறிகள். கனத்த விளையாட்டுகளை அவை தாங்கமாட்டா. ஆயினும் ஒரே பொறியில் இரண்டு இயங்குதளங்களை வைத்துக்கொள்ளலாம் என்ற பாடத்தை அவை எத்தனையோ சிற்றூர் வீடுகளுக்குக் கொண்டு சென்றன.

அந்தப் பாடம் இப்போது மிகவும் பயன்படும். விண்டோஸ் 10க்கு அந்நிறுவனம் வழங்கிவந்த பொதுப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11க்கோ டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் ஓரளவு அண்மைக்காலத்துச் செயலியும் வேண்டும். இன்டெல் செயலியாயின் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டும். அச்சகங்களும் அலுவலகங்களும் கழித்துவிட்ட பழைய பொறிகள் இந்த எல்லையைத் தாண்டாமையால் மலிந்த விலைக்கு வருவதுண்டு. அத்தகைய பொறியை வாங்குவோர் அதில் லினக்ஸை நிறுவிக்கொள்வதே அறிவுடைமை. சூப்பர்டக்ஸ்கார்ட் என்னும் வண்டிப் பந்தயமும், வெஸ்நாத் என்னும் போர்ச் சூழ்ச்சி விளையாட்டும், 0 ஏ.டி. என்னும் பண்டைக்காலப் பேரரசு விளையாட்டும் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றின் மூல நிரலைத் திறந்து பார்க்கவும் திருத்தவும் உரிமை உண்டு. விளையாடுவதினின்று விளையாட்டை ஆக்குவதற்கு ஏறிச்செல்ல இதைவிட நல்ல ஏணி இல்லை.

ஆனால் சிவகாசி மாணவனுக்கு வேறொரு கவலையும் இருத்தல் வேண்டும். இந்த ஊரின் அச்சுத்தொழில் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஒட்டும் வண்ணச்சீட்டுகளால் வளர்ந்தது. இன்று அந்தச் சீட்டையும் நாட்காட்டியையும் வடிவமைப்பது கணிப்பொறி. அங்கு வழங்கும் போட்டோஷாப், கோரல்டிரா ஆகிய நிரல்கள் லினக்ஸுக்கென வெளியிடப்படுவதில்லை. ஜிம்ப், இன்க்ஸ்கேப், கிரிட்டா போன்றவை லினக்ஸில் உண்டு, திறமும் உடையவை. எனினும் வேலை கொடுப்பவர் கேட்பது எந்த நிரலையோ அதைப் பழகியிருப்பது நன்று. வடிவமைப்புத் தொழிலை நாடுவோர் விண்டோஸை முதன்மையாக வைத்து, லினக்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதே தக்கது என்பேன். மேக் பொறி அழகானது, திறமானது. ஆனால் அதன் விலைக்கு அதில் ஆடக் கிடைக்கும் விளையாட்டுகள் குறைவு.

இனி வன்பொருள். பட்டாசு ஆலையில் மருந்து முழுவதையும் வேலை செய்யும் கொட்டகையில் குவிப்பதில்லை. அது கிடங்கில் இருக்கும். வேண்டிய சிறு அளவே அவ்வப்போது கொட்டகைக்கு வரும். கணிப்பொறியில் எஸ்எஸ்டி என்னும் சேமிப்பகம் கிடங்கு. ரேம் என்னும் நினைவகம் கொட்டகை. கொட்டகை சிறிதாயின் ஆள் அடிக்கடி கிடங்குக்கு ஓட நேரும். அப்போதுதான் விளையாட்டு திக்கித் திக்கி நகரும். இன்றைய விளையாட்டுகளுக்கு 8 ஜிபி ரேம் குறைந்த அளவு. 16 ஜிபி நிறைவான அளவு. பழைய சுழல்வட்டுக்கு மாற்றாக எஸ்எஸ்டி கட்டாயம் வேண்டும்.

செயலி விளையாட்டின் விதிகளையும் கணக்குகளையும் பார்க்கும். முன்னே சொன்ன பன்னிரண்டு கோடிப் புள்ளிகளையும் தீட்டுவது கிராபிக்ஸ் சில்லு. இது செயலிக்குள்ளேயே அடங்கியிருப்பதும் உண்டு, தனி அட்டையாக வருவதும் உண்டு. பணம் குறைவாயின், உள்ளடங்கிய சில்லு வலுவாக அமைந்த செயலியை வாங்கிக்கொண்டு, பிற்காலத்தில் தனி அட்டை செருகிக்கொள்ளலாம். இங்கே ஒரு நுட்பம். உள்ளடங்கிய சில்லு ரேமையே தன் நினைவகமாகவும் பயன்படுத்துவதால், 16 ஜிபி துண்டு ஒன்றைவிட 8 ஜிபி துண்டு இரண்டு செருகினால் தரவு இரு வழியாகப் பாய்ந்து வேகம் நன்றாகக் கூடும். கடைக்காரர் ஒற்றைத் துண்டைத் தந்தால் காரணம் கேளுங்கள். 2025இன் இறுதியில் நினைவகத்தின் விலை கடுமையாக ஏறியதையும் மறவாதீர். ரேமுக்குத் தனியாக விலை விசாரித்த பின்னரே மொத்தக் கணக்கைப் போட வேண்டும்.

அடுத்தது வெப்பம். மழை குறைந்த வறண்ட காற்றே இவ்வட்டாரத்தைத் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் உகந்த இடமாக்கியது. அதே காற்று கோடையில் கணிப்பொறிக்குப் பகையாகிறது. சில்லின் சூடு வெளியேறும் அளவு, சில்லுக்கும் அறைக் காற்றுக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைப் பொறுத்தது. சில்லு 95 பாகை வரை தாங்கும் என்று கொள்வோம். அறை 25 பாகையில் இருந்தால் வேறுபாடு 70. சித்திரை வெயிலில் அறை 38 பாகை ஆனால் வேறுபாடு 57. அதே விசிறி, அதே பொறி. ஆயினும் அது வெளியேற்றவல்ல சூட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. அப்போது சில்லு தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். குளிரூட்டிய அறையில் அளந்து விளம்பரத்தில் போட்ட வேகம் ஓட்டு வீட்டில் கிடைக்காமைக்கு இதுவே காரணம். மெல்லிய மடிக்கணினியில் இக்குறை மிகுதி. ஒரே இடத்தில் வைத்து ஆடுவதானால், காற்று முன்புறம் நுழைந்து பின்புறம் வெளியேறும் பெட்டியும் பெரிய விசிறியும் உடைய மேசைக் கணிப்பொறியே நம் ஊருக்கு ஏற்றது. தூசு வலையை மாதம் ஒரு முறை கழற்றித் துடைத்தல் வேண்டும். வண்ண விளக்குகள் மின்னும் விசிறிக்கு அதிக விலை தருவதில் ஒரு பயனும் இல்லை. ஒளி வேண்டுமென்றால் மத்தாப்பு இருக்கிறதே!

மின்சாரத்தையும் பார்ப்போம். பொறி ஒன்று ஆடும்போது 300 வாட் இழுத்தால், நாள்தோறும் இரண்டு மணி நேரத்துக்கு 0.6 யூனிட்; இரண்டு மாதத்துக்கு 36 யூனிட். வீடுகளுக்குக் கட்டணமின்றி வழங்கப்படும் யூனிட்டுகளில் ஒரு பங்கை இதுவே எடுத்துக்கொள்ளும். அதிகம் ஆடினால் கட்டணப் படி ஏறும்; இதை வீட்டாரிடம் முன்னரே சொல்லிவிடுவது நேர்மை. விலை குறைத்துப் பூட்டித் தருவோர் முதலில் கைவைப்பது மின்வழங்கி என்னும் பவர் சப்ளையில்தான். அது கெட்டால் தான் மட்டும் போகாது, பிற உறுப்புகளையும் கொண்டு போகக்கூடும். பெயருள்ள மின்வழங்கியும், ஒழுங்கான நிலத்தொடர்பு உள்ள மும்முனைச் செருகியும், மின்தடைக்கு ஒரு யுபிஎஸ்ஸும் வாங்கிய பிறகே கிராபிக்ஸ் கார்டுக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று எண்ண வேண்டும். பந்தயப் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் இப்பேச்சில் சேரா. அவற்றை 2025இல் இயற்றப்பட்ட மையச் சட்டம் தடை செய்திருக்கிறது.

கடைக்குச் செல்லும்போது, நீங்கள் ஆட விரும்பும் விளையாட்டின் பெயரையும், அதனை வெளியிட்டோர் கேட்கும் குறைந்த தேவைகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பூட்டிய பொறியில் அந்த விளையாட்டையே அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் எந்தப் பொறியும் நன்றாகவே ஓடும். கடைசி ஐந்து நிமிடத்தில் படங்களின் எண்ணிக்கை எவ்வளவு, சில்லின் வெப்பம் எவ்வளவு என்று திரையிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இயலுமானால் நண்பகலில் போங்கள்.