ஓட்டு உள்ளூரில், நோட்டு வெளியூரில்

நியூயார்க் மாநகரின் வடக்கு விளிம்பில் யாங்கர்ஸ், மவுன்ட் வெர்னன், நியூ ரோஷெல் ஆகிய ஊர்களை உள்ளடக்கியது அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் நியூயார்க் 16-வது தொகுதி. 2024 ஜூன் 25 அன்று அங்கே ஒரு தேர்தல் நடந்தது. ஜனநாயகக் கட்சிக்காரர்களாகப் பதிவு செய்துகொண்டவர்கள் மட்டுமே அதில் வாக்களிக்க முடியும். விழுந்த வாக்குகள் 80 ஆயிரத்தைத் தொடவில்லை. விளம்பரத்துக்கு மட்டும் ஆன செலவோ சுமார் 2.5 கோடி டாலர். விழுந்த ஒவ்வொரு வாக்குக்கும் 300 டாலருக்கு மேல். அந்தச் சபைக்கான கட்சி வேட்பாளர் தேர்வு எதிலும் அதுவரை இவ்வளவு பணம் புரண்டதில்லை.

அதில் பாதிக்கு மேல், அதாவது ஏறத்தாழ 1.5 கோடி டாலர், ஒரே அமைப்பிலிருந்து வந்தது. ‘யுனைடெட் டெமாக்ரசி புராஜெக்ட்’ என்பது அதன் பெயர். இஸ்ரேல் ஆதரவு அமைப்பான ‘ஏபேக்’ நடத்தும் தேர்தல் நிதி அமைப்பு அது. அதன் இலக்கு, தொகுதியின் அப்போதைய உறுப்பினரும் காஸா போரில் இஸ்ரேலைக் கடுமையாக விமர்சித்தவருமான ஜமால் போமன். அவர் தோற்றார். வெஸ்ட்செஸ்டர் மாவட்ட நிர்வாகத் தலைவராக இருந்த ஜார்ஜ் லேட்டிமர் பெரிய வித்தியாசத்தில் வென்றார். ஆறு வாரம் கழித்து மிசௌரியின் செயின்ட் லூயிஸில் அத்தொகுதியின் அப்போதைய உறுப்பினர் கோரி புஷ்ஷுக்கும் இதே கதிதான். அங்கே அதே அமைப்பு இறக்கியது சுமார் 85 லட்சம் டாலர்.

கட்சித் தலைமை கூப்பிட்டு ‘சீட்’ கொடுக்கும் வழக்கம் அமெரிக்காவில் இல்லை. கட்சியின் வேட்பாளர் யார் என்பதை வாக்காளர்களே ஒரு முன்தேர்தலில் முடிவு செய்கிறார்கள். அதுதான் ‘பிரைமரி’. பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களில் மிகப் பெரும்பாலானவை ஏதோ ஒரு கட்சியின் கோட்டைகள். அங்கெல்லாம் பிரைமரியில் வென்றவருக்கு நவம்பர் பொதுத்தேர்தல் வெறும் சடங்கு. உண்மையான தேர்தல், யாரும் அதிகம் கவனிக்காத கோடைகாலத்தில், சில பத்தாயிரம் பேர் வாக்களிக்கும் பிரைமரியிலேயே முடிந்துவிடுகிறது. பணம் வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் இருப்பார்களா?

சட்டம் வழிவிட்டது 2010-ல். வேட்பாளருக்கு நேரடியாகப் பணம் கொடுக்க இன்றும் உச்சவரம்பு உண்டு. 2024-ல் தனிநபர் ஒருவர் ஒரு தேர்தலுக்கு 3,300 டாலருக்கு மேல் கொடுக்க முடியாது. ஆனால் வேட்பாளரோடு கலந்து பேசாமல், தனித்து நின்று செய்யும் பிரசாரச் செலவுக்கு அந்த வரம்பு இல்லை. நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் அப்படிச் செலவு செய்வதைத் தடுக்க முடியாது என்று ‘சிட்டிசன்ஸ் யுனைடெட்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. இரண்டு மாதம் கழித்து வாஷிங்டனில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னொரு படி போனது. செலவுக்கே வரம்பு இல்லாதபோது, செலவு செய்யும் குழுவுக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு மட்டும் வரம்பு எதற்கு என்றது ‘ஸ்பீச்நவ்’ தீர்ப்பு. ‘சூப்பர் பேக்’ எனப்படும் குழுக்கள் பிறந்தது அப்படித்தான். அந்த இரண்டாவது தீர்ப்பை எதிர்த்து ஒபாமா அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போகவே இல்லை. அது இன்றுவரை தேர்தல்களை ஆட்டிவைக்கிறது.

‘கலந்து பேசக் கூடாது’ என்ற விதி எப்படிக் காப்பாற்றப்படுகிறது என்பது தனிக் கூத்து. வேட்பாளர் தன் இணையதளத்தின் ஒரு மூலையில், எந்த வாக்காளரிடம் எந்தச் செய்தியைச் சொன்னால் எடுபடும் என்று எழுதி, சிவப்புக் கட்டம் கட்டி வைத்துவிடுவார். சூப்பர் பேக்காரர்கள் அதை எடுத்து விளம்பரமாக்குவார்கள். பேச்சுவார்த்தை நடக்கவில்லை அல்லவா!

வெளியார் பணம் என்றதும் அதன் அளவைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. பணம் வருகிற காரணம் ஒன்று. அந்தப் பணத்தில் வாக்காளர் காதில் விழுகிற விஷயம் வேறு. போமனுக்கு எதிரான விளம்பரங்களை ஓட வைத்தது இஸ்ரேல் பிரச்சினை. ஆனால் அவற்றில் திரும்பத் திரும்ப வந்த குற்றச்சாட்டு, 2021-ல் பைடனின் சாலை, பாலக் கட்டமைப்பு மசோதாவுக்கு எதிராக அவர் வாக்களித்தார் என்பது. புஷ் மீதும் அதே அம்புதான். குற்றச்சாட்டு பொய்யல்ல, அவர்கள் அப்படி வாக்களித்தது உண்மை. ஆனால் அந்த அமைப்புக்குப் பணம் தந்தவர்களில் ஹோம் டிப்போ நிறுவனர்களில் ஒருவரும் ட்ரம்பின் ஆதரவாளருமான பெர்னி மார்கஸ் உண்டு. குடியரசுக் கட்சியின் நிக்கி ஹேலிக்காகவும் லட்சக்கணக்கில் கொடுத்த, வாட்ஸ்அப் நிறுவனர்களில் ஒருவரான யான் கூம் உண்டு. பைடனின் மசோதாவுக்கு ஜனநாயகக் கட்சிக்காரர் ஒருவர் துரோகம் செய்துவிட்டாரே என்று இவர்கள் வருந்தியிருப்பார்கள் என நம்புவது கடினம்.

கிரிப்டோ நாணயத் துறையும் இந்தப் பாடத்தை விரைவாகக் கற்றுக்கொண்டது. காயின்பேஸ், ரிப்பிள் போன்ற நிறுவனங்களின் பணத்தில் இயங்கும் ‘ஃபேர்ஷேக்’ 2024-ல் கலிபோர்னியா செனட் பிரைமரியில் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் கேட்டி போர்ட்டருக்கு எதிராகச் சுமார் ஒரு கோடி டாலர் செலவழித்தது. அந்த விளம்பரங்களில் கிரிப்டோ என்ற பேச்சே இல்லை. போர்ட்டர் மூன்றாம் இடத்துக்குப் போனார். அந்தச் செலவு இல்லாவிட்டாலும் அவர் தோற்றிருக்கக்கூடும். ஆனால் கிரிப்டோவுக்குக் கடிவாளம் போட நினைத்த மற்ற உறுப்பினர்களுக்கு அந்த ஒரு கோடி என்ன சொல்லியிருக்கும் என்பதை ஊகிக்கச் சிரமமில்லை.

வெளியார் பணம் ஒரு பக்கத்தின் சொத்து மட்டுமல்ல. போமன் 2020-ல் முதன்முறை வென்றதே நாடு முழுக்க இருந்த இடதுசாரி அமைப்புகளின் ஆதரவோடுதான். ‘ஆக்ட்புளூ’ தளம் வழியாக, தொகுதியை வரைபடத்தில்கூடப் பார்த்திராதவர்கள் பத்து, இருபது டாலர் அனுப்புகிறார்கள். 2024 தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு இடதுசாரித் தலைவர்களான பெர்னி சாண்டர்ஸும் ஒகாசியோ-கோர்டெஸும் போமனுக்காக நடத்திய பெரிய கூட்டம் தெற்கு பிராங்க்ஸ் பூங்கா ஒன்றில் நடந்தது. அந்தப் பூங்கா தொகுதிக்கு வெளியே இருக்கிறது. பத்து டாலர் கொடுப்பவரும் 50 லட்சம் கொடுப்பவரும் ஒன்றல்ல என்பது என் கருத்து. ஆனாலும் இருவருமே அந்த ஊர்க்காரர்கள் இல்லை.

பணம் இருந்தால் எவரையும் வெல்ல வைக்கலாமா? ஓரிகனின் 6-வது தொகுதி இல்லை என்கிறது. 2022-ல் அங்கே கேரிக் ஃபிளின் என்ற அறிமுகமில்லாத வேட்பாளருக்காக, எஃப்டிஎக்ஸ் கிரிப்டோ நிறுவனத்தின் சாம் பேங்க்மன்-ஃபிரைடு நிதியளித்த சூப்பர் பேக் ஒரு கோடி டாலருக்கு மேல் இறைத்தது. வாக்காளர்களுக்கு அந்த வேட்பாளரின் முகம் சலித்துப்போனதுதான் மிச்சம். மாநிலச் சட்டமன்ற உறுப்பினராக இருந்த ஆண்ட்ரியா சலினாஸ் அவரைவிட ஏறத்தாழ இரு மடங்கு வாக்கு வாங்கி வென்றார். லேட்டிமருக்கோ பல பத்தாண்டுகளாக வெஸ்ட்செஸ்டரில் செல்வாக்கு இருந்தது. போமன் நாடாளுமன்ற வளாகத்தில் தீ எச்சரிக்கை மணியை இழுத்துச் சபையின் கண்டனத்துக்கு ஆளானதும் சேர்ந்துகொண்டது. வெளியார் பணத்துக்கு உள்ளூரில் வேர்விட்ட ஓர் ஆள் தேவைப்படுகிறார். ஆள் கிடைத்துவிட்டால், அதைத் தடுப்பது கடினம்.

எதிர்க்கட்சியின் பிரைமரியில் கைவைப்பதும் நடக்கிறது. 2022-ல் மிச்சிகனில் ட்ரம்பைப் பதவிநீக்க வாக்களித்த குடியரசுக் கட்சிக்காரர் பீட்டர் மேயரை, அவருடைய பிரைமரியிலேயே வீழ்த்த ஜனநாயகக் கட்சியின் தேர்தல் குழு 4 லட்சம் டாலருக்கு மேல் செலவிட்டது. ட்ரம்ப் விசுவாசியான ஜான் கிப்ஸை ‘தீவிர வலதுசாரி’ என்று திட்டுவதுபோல் விளம்பரம் செய்து, குடியரசுக் கட்சி வாக்காளர்களுக்கு அவரைப் பிடிக்க வைத்தார்கள். கிப்ஸ் பிரைமரியில் ஜெயித்து, நவம்பரில் ஜனநாயகக் கட்சியிடம் தோற்றார். வேலை கச்சிதமாக முடிந்தது. ஜனநாயகத்துக்கு ஆபத்து என்று மேடைதோறும் முழங்கிய கட்சி செய்த வேலை இது.

யார் பணம் என்பதாவது தெரிய வேண்டாமா? அதற்கும் சட்டத்தில் சந்து உண்டு. கடைசி நாட்களில் ஒரு சூப்பர் பேக் எவ்வளவு செலவழிக்கிறது என்பதை 24 மணி நேரத்தில் அறிவிக்க வேண்டும். ஆனால் அந்தப் பணத்தைக் கொடுத்தவர் யார் என்பது அடுத்த தவணைக் கணக்கில் வந்தால் போதும். தேதியைப் பார்த்துப் பணத்தைப் போட்டால், தேர்தல் முடிந்த பிறகே பெயர் வெளியே வரும். ஓர் உதாரணம்: 2024 மே மாதம் ஓரிகனின் 3-வது தொகுதியின் ஜனநாயகக் கட்சி பிரைமரியில் நின்றவர் சுசீலா ஜெயபால். சென்னையில் பிறந்த அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் பிரமிளா ஜெயபாலின் அக்கா. எதிரே நின்ற மருத்துவர் மாக்சின் டெக்ஸ்டருக்கு, விஞ்ஞானிகளையும் மருத்துவர்களையும் தேர்தலில் நிறுத்தும் ‘314 ஆக்‌ஷன்’ பணத்தைக் கொட்டியது. பின்னணியில் ஏபேக் இருக்கிறதோ என்ற சந்தேகத்தைச் சுசீலாவும் இன்னொரு வேட்பாளரும் சேர்ந்து பத்திரிகையாளர் முன்னிலையில் எழுப்பினார்கள். டெக்ஸ்டர் வென்றார். ஏபேக்கின் சூப்பர் பேக் 314 ஆக்‌ஷனுக்குப் பணம் கொடுத்திருந்தது, வாக்குப்பதிவுக்குப் பிறகு வெளிவந்த கணக்கில் தெரிந்தது.

இதே ஓரிகன்தான், தொகுதிக்கு வெளியிலிருந்து வரும் நன்கொடைக்கு வரம்பு கட்ட 1994-லேயே மக்கள் வாக்கெடுப்பில் முடிவு செய்த மாநிலம். அது மாநிலத் தேர்தல்களுக்கான விதி. கருத்துரிமைக்கு முரண் என்று கூறி 1998-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இப்போது மெய்ன் மாநிலம் வேறொரு வழியில் முயல்கிறது. சூப்பர் பேக்குகளுக்கு யாரும் ஆண்டுக்கு 5,000 டாலருக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று 2024 நவம்பரில் அங்கே ஏறத்தாழ முக்கால்வாசி வாக்காளர்கள் முடிவு செய்தார்கள். 2025 ஜூலையில் நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. அதை முன்னெடுப்பவர்களின் குறி மெய்ன் அல்ல. 2010-ல் யாரும் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகாத அந்த ‘ஸ்பீச்நவ்’ தீர்ப்பு.