அலையோரம் ஆவி பறக்கும் சாதம்

ஓரிக்கை என்ற பெயருக்கே ஒரு பிரயாணக் கதை உண்டு. பல்லவ மன்னன் கணிகண்ணனை நாடு கடத்தினான். அவருடைய குருவான திருமழிசையாழ்வாரும் உடன் கிளம்பிவிட்டார். ஆழ்வார் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, காஞ்சி திருவெஃகாப் பெருமாளும் தம் நாகப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தாராம். அவர்கள் ஓர் இரவு தங்கிய இடம் 'ஓரிரவிருக்கை'. அதுதான் ஓரிக்கை ஆயிற்று என்பார்கள். பெருமாளுக்கு மூட்டை ஒரே ஒரு பாய்! நாம் ஒரு நாள் சமுத்திரக் கரைக்குப் போவதென்றால் எத்தனை மூட்டை?

சென்ற வருஷம் நாங்கள் மகாபலிபுரம் போனோம். என் மனைவி விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, சாதம், சாம்பார், ரசம், கூட்டு, வறுவல் என்று ஐந்தடுக்குக் கேரியரை நிரப்பினாள். பகல் ஒரு மணிக்குத் திறந்தால் சாதம் விறைத்து, ரசம் ஆறி, வறுவல் வியர்த்துப் போயிருந்தது. அது போகட்டும். அதுவரை காக்கைக்கும் நாய்க்கும் பயந்து கேரியருக்குக் காவல் இருந்தவள் அவள்தான். ஊர் திரும்பியதும் பக்கத்து வீட்டு அம்மாள், "கடல் எப்படி இருந்தது?" என்று கேட்டாள். "சத்தம் கேட்டது" என்றாள் என் மனைவி.

இந்த வருஷம் மைத்துனியின் கல்யாணப் புடவைக்காக ஓரிக்கையில் ஒரு நெசவாளர் வீட்டுக்குப் போயிருந்தோம். தறியில் பாவு முடிந்து, அடுத்த பாவு பிணைப்பதற்கு முன் ஒரு நாள் ஓய்வு கிடைத்திருந்தது. மறுநாள் வீட்டோடு மகாபலிபுரம் கிளம்புவதாகவும், வேனில் இடம் இருக்கிறது, நீங்களும் வாருங்கள் என்றும் சொன்னார்கள். "சாப்பாட்டுக்கு நாங்கள் என்ன கொண்டு வரட்டும்?" என்று என் மனைவி கவலையோடு கேட்டாள். அந்த வீட்டுப் பாட்டியம்மாள் சிரித்தார். "ஒண்ணும் வேண்டாம் கண்ணு. ஒரே அண்டாதான். சூடு அடுப்பிலே இல்லே, கட்டுற கட்டிலே இருக்கு!"

அந்தக் கட்டைத்தான் மறுநாள் காலை பார்த்தோம். எட்டு பேருக்கு அரிசி நாலு ஆழாக்கு, துவரம் பருப்பு இரண்டு ஆழாக்கு. முருங்கைக்காய், கத்தரிக்காய், கேரட். காய்களை முதல் நாள் இரவே நறுக்கி, புளியையும் எடுத்து வைத்துவிட்டார்கள். தேங்காய் மட்டும் கிடையாது. தேங்காய் சேர்ந்த பதார்த்தம்தான் முதலில் ஊசிப்போகும். சாம்பார் சாதத்தைக் கூழ் பதத்துக்குச் சற்று முன்னாலேயே இறக்கினார்கள். போகப் போக இறுகிக்கொள்ளும். இதற்கிடையில் மூடியுள்ள கனத்த தூக்கில் கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றிப் பத்து நிமிஷம் வைத்திருந்தார்கள். அதைக் கொட்டிவிட்டு, தளதளவென்று கொதிக்கும் சாதத்தை விளிம்பு வரை நிரப்பினார்கள். குறைவாக நிரப்பினால் மேலே உள்ள காற்று சூட்டைத் தின்றுவிடுமாம். இறுக மூடி, நாலு தாள் செய்தித்தாள், அதன்மேல் பழைய பருத்திச் சேலை இரண்டு சுற்று. பிறகு பெரிய மூங்கில் கூடையில், அடியிலும் சுற்றிலும் மேலும் நாலு விரல் கனத்துக்கு வைக்கோல்.

பாட்டியம்மாளின் உபாயம் விஞ்ஞானத்துக்கும் ஒத்ததுதான். கேரியரின் ஒவ்வோர் அடுக்கும் தனித்தனியாகச் சூட்டை வெளியே விடுகிறது. ஒரே திரளாக இருக்கும் சாதம் அவ்வளவு சீக்கிரம் ஆறாது. வைக்கோலுக்குள் அடைபட்ட காற்று, சூட்டை வெளியே விடாமல் தடுக்கிறது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது இங்கிலாந்தில்கூட, எரிபொருளை மிச்சம் பிடிக்க வைக்கோல் பெட்டிச் சமையலை அரசாங்கமே சிபாரிசு செய்தது. வைக்கோல் கிடைக்காத பட்டணவாசிகள் தடித்த கம்பளியையோ பழைய தலையணைகளையோ உபயோகிக்கலாம். 'ஹாட் பாக்ஸ்' இருந்தால் இன்னும் நல்லது; அதையும் முதலில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக்கொள்ள வேண்டும்.

இதில் ருசியைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. சாதத்தில் 'பாசிலஸ் சீரியஸ்' என்ற ஒரு கிருமி உண்டு. அதன் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சாதம் வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி விஷத்தைக் கக்கும். பிறகு சுட வைத்தாலும் அந்த விஷம் போகாது. உணவு 60 டிகிரி செல்ஷியஸுக்கு மேல் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். திறந்ததும் ஆவி வர வேண்டும். முதல் கவளத்தை ஊதாமல் வாயில் வைக்க முடியக் கூடாது. அதுதான் நம் கணக்கு. வெதுவெதுப்பாகி வெகு நேரம் ஆகியிருந்தால், குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். நீங்களும் சாப்பிட வேண்டாம்.

வழியில் காலைப் பலகாரத்துக்குக் காஞ்சிபுரம் இட்லி. வரதராஜப் பெருமாள் கோயிலில் மந்தாரை இலை வேய்ந்த மூங்கில் குடலையில் வேக வைக்கும் அதே இட்லியைத்தான் வீட்டில் டம்ளர்களில் செய்திருந்தார்கள். மிளகு, சீரகம், சுக்கு, நெய் எல்லாம் அதிலேயே இருக்கிறதால் சட்னி என்ற தொல்லையே இல்லை. செங்கற்பட்டு தாண்டும்போது ஆளுக்கு இரண்டு தீர்ந்துவிட்டது. திருக்கழுக்குன்றம் வழியாக மொத்தம் சுமார் 65 கிலோமீட்டர். காஞ்சியில் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய ராஜசிம்மன்தான் அங்கே கடற்கரைக் கோயிலையும் எழுப்பினான். அவன் எந்தச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போனானோ!

சவுக்கு நிழலில் கூடையை வைத்துவிட்டு எல்லோரும் கலைந்தோம். கூடைக்குக் காவலாகப் பாட்டியம்மாள் அதன்மேலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். முதுகுக்கு இதமாக இருக்கிறதாம்!

பன்னிரண்டே முக்கால் மணி. எனக்குப் பசி. என் மனைவி எங்கே என்று பார்த்தால், புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, இரண்டு குழந்தைகளின் கையையும் ஒரு கையில் சேர்த்துப் பற்றியபடி அலையில் நிற்கிறாள்.

"வா, சாதம் ஆறிவிடப் போகிறது!" என்று கத்தினேன்.

"ஆறாது!" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.