ரைட் கிளிக் மெனுவில் மூணு வரி போதும்

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். ஊருன்னா குரும்பலூர், பெரம்பலூர் பக்கத்துல. எங்க சித்தப்பா அங்க ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கார். போர்டுல ஜெராக்ஸ்னு இருந்தாலும் பாதி வேலை ஆன்லைன் அப்ளிகேஷன்தான்.

கடைசி தேதி அன்னிக்கு ஒரு காலேஜ் பொண்ணு ஃபார்ம் போட வந்திருக்கு. பாதி முடிஞ்சப்போ, அதே தளத்துல ஒரு லிங்க்கைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. சித்தப்பா ரைட் கிளிக் பண்ணார். 'புதிய டேப்'புக்குப் பதிலா, ரெண்டு வரி கீழ இருக்குற 'புதிய பிரைவேட் விண்டோ'வை அழுத்திட்டார். நாம ஏற்கெனவே லாகின் பண்ணியிருக்கோம்னு பிரைவேட் விண்டோவுக்குத் தெரியாது, ஏன்னா சாதாரண விண்டோவோட குக்கிகள் அதுக்குப் போகாது. அதனால லாகின் பக்கம் வந்து நின்னுச்சு. நேரம் முடிஞ்சிருச்சுன்னு நினைச்சு அவர் மறுபடி லாகின் பண்ண, அந்தத் தளம் பழைய லாகினை வெளியே தள்ளிருச்சு. நிரப்பின ஃபார்ம் மொத்தமும் போச்சு. ராத்திரி பதினொன்றரைக்குத்தான் திரும்ப முடிச்சுக் கொடுத்தாராம்.

"டேய், இந்த லிஸ்ட்ல நான் தொடுறது மூணே மூணுதான். மீதியை எடுக்க முடியாதா?"ன்னு கேட்டார். முடியும் சித்தப்பான்னு சொன்னேன். அவர் பயர்பாக்ஸ் யூஸ் பண்றதால அப்படிச் சொல்ல முடிஞ்சுது.

ஏன் பயர்பாக்ஸ்?

கூகுள் குரோம்ல எக்ஸ்டென்ஷன்கள் ரைட் கிளிக் மெனுவுல தங்களோட வரியைச் சேர்க்கலாம். குரோமே வெச்ச வரியை அதுங்களால எடுக்க முடியாது. விவால்டில செட்டிங்ஸ்லயே மெனுவை மாத்திக்கலாம். பயர்பாக்ஸ்ல அப்படி ஒரு பட்டன் கிடையாது, ஆனா ஒரு பழைய பின்வாசல் இருக்கு. அதோட மெனு, டேப் எல்லாமே ஒரு வெப் பேஜ் மாதிரிதான் கட்டியிருக்காங்க. அதனால சிஎஸ்எஸ் எழுதி மாத்தலாம்.

செய்முறை

முதல்ல அட்ரஸ் பார்ல 'அபவுட் கோலன் கான்ஃபிக்' அடிங்க. எச்சரிக்கை வரும், தாண்டுங்க. 'லெகசி யூசர் புரொஃபைல்'னு தேடினா, கடைசியில 'ஸ்டைல்ஷீட்ஸ்'னு முடியுற ஒரு வரி வரும். அதை ட்ரூ ஆக்குங்க. 2019-ல வந்த பயர்பாக்ஸ் 69-லேர்ந்து இது டீஃபால்ட்டா ஆஃப். பெரும்பாலானவங்க பயன்படுத்தாத ஃபைலை, திறக்கும்போதெல்லாம் எதுக்குத் தேடணும்னு வேகத்துக்காக அப்படிப் பண்ணாங்க.

அடுத்து 'அபவுட் கோலன் சப்போர்ட்' போய் புரொஃபைல் ஃபோல்டரைத் திறங்க. உள்ள 'குரோம்'னு சின்ன எழுத்துல ஒரு ஃபோல்டர். கூகுளுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. பிரவுசரோட வெளிச்சட்டத்தை மொசில்லால குரோம்னு சொல்றது கூகுள் குரோம் வர்றதுக்கு முன்னாடியே இருந்த வழக்கம்.

அதுக்குள்ள 'யூசர்குரோம் டாட் சிஎஸ்எஸ்'னு ஒரு ஃபைல். நடுவுல வர்ற 'சி' மட்டும் பெரிய எழுத்து. விண்டோஸ் நோட்பேட்ல சேமிச்சா கடைசியில ஒரு 'டாட் டிஎக்ஸ்டி' ஒட்டிக்கும், பாதிப் பேருக்கு இங்கதான் வேலை செய்யாம போகும். கவனிச்சு எடுத்துடுங்க.

இப்ப உள்ள எழுதணும். ஒவ்வொரு மெனு வரிக்கும் ஒரு ஐடி உண்டு. பிரைவேட் விண்டோ வரிக்கு 'கான்டெக்ஸ்ட் ஹைஃபன் ஓப்பன்லிங்க்பிரைவேட்', எல்லாம் சின்ன எழுத்து. முன்னாடி ஹேஷ் போட்டு, பின்னாடி வளைவு பிராக்கெட்டுக்குள்ள டிஸ்பிளே கோலன் நன், ஆச்சரியக்குறியோட இம்பார்டன்ட். சேமிச்சு பயர்பாக்ஸை மூடித் திறந்தா அந்த வரி காணாம போயிருக்கும். மத்த ஐடிகளை 'பிரவுசர் டூல்பாக்ஸ்'ல பார்க்கலாம். டெவலப்பர் டூல்ஸ் செட்டிங்ஸ்ல அதை ஆன் பண்ணணும். உள்ள போனதும் பாப்-அப் தானா மூடாம இருக்க ஒரு ஆப்ஷன் இருக்கு. அதைப் போட்டா மெனுவைத் திறந்து வெச்சே ஒவ்வொரு ஐடியையும் படிக்கலாம்.

கவனிக்க

ஒண்ணு, மொசில்லா இதுக்கு உத்தரவாதம் தராது. ஒரு அப்டேட்ல ஐடி மாறினா மறைச்ச வரி திரும்ப வரும். மெனுவே மாறும், 'பாக்கெட்ல சேமி' வரி ஞாபகம் இருக்கா? மொசில்லா 2017-ல வாங்கின பாக்கெட் சேவையை 2025 ஜூலைல மூடிட்டாங்க. அதனால ஃபைலை ஒரு காப்பி எடுத்து வைங்க.

ரெண்டு, நாம வரியை மறைக்கிறோம், அவ்ளோதான். வசதி அப்படியே இருக்கு. சித்தப்பா கடைக்கு இது முக்கியம். பத்துப் பேர் வந்து போற கம்ப்யூட்டர்ல, கஸ்டமர் தன்னோட மெயிலைத் திறக்கணும்னா பிரைவேட் விண்டோதான் சரி. கன்ட்ரோல் ஷிஃப்ட் பி அழுத்தினா வரும். வேணும்னு நினைச்சு திறக்கலாம், கை தவறித் திறக்க வழியில்ல.

இப்ப அவர் லிங்க் மேல ரைட் கிளிக் பண்ணா புதிய டேப், லிங்க்கைச் சேமி, லிங்க்கை காப்பி பண்ணு, அந்த மூணுதான். அரை மணி நேர வேலை. உங்க வீட்லயும் இப்படி மெனுவைப் பார்த்து முழிக்கிறவங்க யாராவது இருந்தா, அவங்க எந்த வரியைத் தொடுறாங்கன்னு முதல்ல பக்கத்துல உட்கார்ந்து பாருங்க. அதுக்கப்புறம் எழுத ஆரம்பிங்க.