இழுக்கும் வண்டியும் இணைக்கும் குமிழும்

ஒரு வண்டியின் பின்னே மற்றொரு வண்டியைப் பிணைத்திழுத்தல் காண்பார்க்கு எளிய காரியமாகத் தோன்றும். எனினும், எடையும் உயரமும் வேகமும் தம்முள் இணங்காவிடின் அப்பிணைப்பே உயிர்ச்சேதத்திற்குக் காரணமாதலும் உண்டு. மாட்டுவண்டி ஓட்டும் நம் உழவர் இதனை நன்கறிவர். பாரம் பின்னே மிகுந்தால் நுகத்தடி மேலெழும்பி எருதின் கழுத்துக் கயிற்றை இறுக்கும். முன்னே மிகுந்தால் அதன் பிடரியை அழுத்திப் புண்ணாக்கும். இவ்வுண்மை மோட்டார் வண்டிக்கும் பொருந்துமாற்றை ஈண்டு ஒருவாறு விளக்குவாம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பிக்கப் என்னும் சிறு பாரவண்டி உடையோர் பலர், படகு, குதிரை முதலியவற்றை டிரெய்லரில் ஏற்றி இழுத்துச் செல்வர். அவருட் சிலர், மேடுபள்ளமான நிலத்திற் செல்லுதற் பொருட்டுத் தம் வண்டியை உயர்த்திப் பெரிய டயர்களையும் பூட்டிக்கொள்கின்றனர். இங்ஙனம் மாற்றிய வண்டியிற் பழைய இணைப்பை மாற்றாது விடுதலினாலேயே இன்னல் விளைகின்றது.

ஓர் உதாரணம் கொள்வோம். முன்னர் இணைப்புக் குமிழின் உச்சி தரையினின்று 19 அங்குல உயரத்தில் இருந்து, டிரெய்லரைச் சமமாகத் தாங்கிற்று என்க. வண்டியின் சட்டம் 4 அங்குலம் உயர்த்தப்பட்டது; புதிய டயரின் விட்டம் பழையதினும் 2 அங்குலம் மிகுதி. விட்டத்திற் பாதியே அச்சை உயர்த்துமாதலின், டயரால் வந்த உயர்வு 1 அங்குலமே. ஆகக் குமிழ் இப்பொழுது 24 அங்குல உயரத்தில் நிற்கும். எனவே, அதனை 5 அங்குலம் தாழ்த்தவல்ல வளைதண்டு ஒன்றைப் பொருத்துதல் வேண்டும். பாரம் ஏறியவழி வண்டியின் பின்புறம் சிறிது தாழும். ஆதலால் சமதரையில் இரண்டையும் பூட்டி, மீண்டும் அளந்து பார்த்தலே முறையாகும்.

டிரெய்லரின் மூக்கு மேனோக்கி நின்றால் வருங் கேடு யாது? ஈரச்சு டிரெய்லரில் முன்னச்சின் சுமை குறைந்து பின்னச்சின்மேல் ஏறும். அவ்வச்சின் டயர்கள் சூடேறும். பிரேக்குகள் ஒத்துப் பிடியா. ஓரச்சு டிரெய்லரிலோ குமிழின் சுமை மாறுதல் சிறிதே. 1000 கிலோ எடையும், அச்சிலிருந்து குமிழ்வரை 4 மீட்டர் நீளமும் உடைய டிரெய்லரில், எடைமையம் அச்சுக்கு மேல் 80 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பின், 5 அங்குல ஏற்றத்தாற் குறையும் சுமை ஏறக்குறைய 6 கிலோ மாத்திரமே. அங்கே பாரத்தை ஏற்றும் முறையே பெரிதும் கருதற்பாலது.

குமிழின்மேல் விழும் சுமை, டிரெய்லரின் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு வரை இருத்தல் அமெரிக்க வழக்கு. 1000 கிலோவுக்கு 100 முதல் 150 கிலோ எனக் கொள்க. இது குறைந்தால், வேகம் மிகுங்கால் டிரெய்லர் வால்போல் இருபுறமும் ஆடத் தொடங்கும். மிகுந்தாலும் தீங்கே. குமிழ் பின்னச்சுக்கு 1.2 மீட்டர் பின்னேயும், இரண்டு அச்சுகளுக்கும் இடைவெளி 3 மீட்டராகவும் இருப்பின், 150 கிலோச் சுமை முன்சக்கரங்களினின்று 60 கிலோவை நீக்கிவிடும். முன்சக்கரம் இலேசானால் திருப்புசக்கரத்தின் ஆணை குன்றும். ஆதலின் தாழ்த்துதண்டு வேண்டிய அளவினும் நீண்டு பின்னே நிற்றல் ஆகாது.

குமிழின் அளவும் கிண்ணத்தின் அளவும் ஒத்திருத்தல் இன்றியமையாதது. அமெரிக்காவில் 1 7/8, 2, 2 5/16 அங்குலக் குமிழ்கள் வழங்குகின்றன. பெரிய கிண்ணம் சிறிய குமிழின்மேல் அமர்ந்ததுபோற் காட்டி, ஒரு பள்ளத்திற் குலுங்கியவுடன் கழன்றுவிடும். அக்காலத்து உதவுவன காப்புச் சங்கிலிகள். அவற்றை மூக்குத்தண்டின் கீழே ஒன்றன்மேலொன்று குறுக்காக மாட்டினால், கழன்ற மூக்கு தரையிற் குத்தாமல் தொட்டிலிற்போல் அவற்றின்மேல் தங்கும். திரும்புதற்கு வேண்டிய நீளம் இருக்கலாம். தரையில் உராயும் நீளம் கூடாது.

வண்டியை உயர்த்தினமையால் அதன் இழுக்கும் வலிமை மிகுவதில்லை. மாறாக, எடைமையம் உயர்தலின் நிலைபேறு குறைகின்றது. வண்டி, தண்டு, குமிழ், கிண்ணம், டயர் என்பவற்றுள் எது மிக வலியற்றதோ, அதன் அளவே முழுப் பிணைப்பின் அளவாகும். நம் நாட்டிலோ, உற்பத்தியாளர் குறித்த அமைப்பினின்று பதிவுச் சான்றின் விவரங்கள் வேறுபடுமாறு வண்டியை மாற்றுதலை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்து 52-ஆம் பிரிவு தடுக்கின்றது.

இத்துணைக் காவலுக்குப் பின்னும் டிரெய்லர் ஆடத் தொடங்கின், வண்டியின் பிரேக்கை அழுந்த மிதித்தல் தகாது. வேகத்தைக் கூட்டுதலும் ஆகாது. திருப்புசக்கரத்தை நேராகப் பற்றி, விசைமிதியினின்று காலை மெல்ல எடுத்தல் வேண்டும்.

நம் வண்டி நமக்குரியதாயினும், சாலை எல்லார்க்கும் உரியது. பின்னே வருபவனும் எதிரே வருபவனும் நம் பிணைப்பின் உறுதியை ஆராயாமலே நம்பிச் செல்கின்றனர். புறப்படுமுன் ஓர் அளவுகோலைக் கையிற் கொண்டு குனிந்து பார்த்தல், அந்நம்பிக்கைக்கு நாம் செலுத்தவேண்டிய கடனாகும்.