திரை இருண்டால் திகைக்க வேண்டாம்

எனக்கு நன்கு அறிமுகமான ஓர் இல்லத்தில் நிகழ்ந்த செய்தி இது. தந்தையை இழந்த குடும்பம். மூத்த மகன் திருமண ஆல்பங்களையும் வீடியோப் படங்களையும் வீட்டிலிருந்தே தொகுத்துக் கொடுத்து, அவ்வூதியத்தைக் கொண்டு தாயையும், கல்லூரியில் பயிலும் தங்கையையும் காத்து வருகின்றான். அவனுடைய தொழிற்கருவி ஒரு கணிப்பொறி. முகூர்த்தக் காலம் முடிந்து, ஆறு வீட்டாருக்கு ஆல்பம் கொடுக்க வேண்டியிருந்த வேளையில் அக்கணிப்பொறி மக்கர் செய்யத் தொடங்கியது. வேலையில் அமர்ந்த கால்மணி நேரத்தில் திரையில் பச்சையும் ஊதாவுமாகப் புள்ளிகள் தோன்றும். பின்னர்க் கோடுகள் ஓடும். இறுதியில் திரை முழுவதும் இருண்டுவிடும்.

கடைக்கு எடுத்துச் சென்றான். கடைக்காரர் பெட்டியைத் திறந்தும் பாராமல், "கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது, புதியது போட ரூ. 25,000 ஆகும்" என்றார். வீடு திரும்பிய மகனின் முகத்தைக் கண்ட தாய், கழுத்திலிருந்த சங்கிலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பக்கத்து வீட்டு இளைஞனோ, "கார்டை ஓவனில் வைத்துச் சுட்டு எடுத்தால் சரியாகிவிடும், வீடியோவில் பார்த்திருக்கிறேன்" என்று யோசனை கூறினான்.

நல்லவேளையாக, தொலைபேசித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அத்தெருவில் இருந்தார். அவர் வந்தவுடன் கூறிய முதற் சொல் இது: "சங்கிலியைக் கழற்ற வேண்டாம் அம்மா, முதலில் கார்டைக் கழற்றிப் பார்ப்போம்."

அன்று அவர் செய்தவற்றை அருகிலிருந்து கண்டேன். அவை நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் இங்கு எழுதுகின்றேன்.

கிராபிக்ஸ் கார்டு என்பது யாது?

கணிப்பொறியின் திரையில் நாம் காணும் ஒவ்வொரு படமும் கோடிக்கணக்கான கணக்குகளின் விளைவே. அக்கணக்குகளைச் செய்வதற்கென்றே அமைந்த தனி அட்டைதான் கிராபிக்ஸ் கார்டு. அதன் நடுவில் மூளை போன்ற ஒரு பெரிய சில்லு. சுற்றிலும் நினைவகச் சில்லுகள். ஓரத்தில் மின்சாரத்தைப் பதப்படுத்தும் உறுப்புகள். இவற்றின்மேல் வெப்பத்தை வாங்கி வெளியேற்றும் உலோகத் தகடுகளும் விசிறிகளும் உள்ளன.

மதர்போர்டில் கார்டைச் செருகும் பள்ளத்திலிருந்து அது 75 வாட் வரை மின்சாரம் பெறலாம். இது நம் வீட்டுக் கூரையில் சுழலும் சாதாரண மின்விசிறி ஒன்றுக்கு ஆகும் மின்சாரத்துக்கு ஏறக்குறைய ஈடாகும். அது போதாதபோது, எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனி வயர் செல்லும். எட்டு முனை கொண்ட அவ்வயர் ஒன்றின் வழியாக மேலும் 150 வாட் பெறலாம். இம்மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாகவே மாறுகின்றது. எனவே, வெப்பமே கிராபிக்ஸ் கார்டின் முதற்பகை.

நோயை அறியும் முறை

பெரியவர் முதலில் திருப்புளியை எடுக்கவில்லை, கேபிளைத்தான் எடுத்தார். திரைக்கும் கணிப்பொறிக்கும் இடையே உள்ள கேபிளை இருமுனையிலும் கழற்றி அழுத்திச் செருகினார். பின்னர் வேறு கேபிளையும், அதன்பின் வேறு மானிட்டரையும் இணைத்துப் பார்த்தார். கேபிள் தளர்ந்திருப்பதைக் கார்டின் பழுதென்று எண்ணிப் பணத்தை இழப்போர் உண்டு. இங்கே குறை அதுவன்று.

அடுத்து அவர் வினவியது, "புள்ளிகள் எப்போது தோன்றுகின்றன?" என்பதே. கணிப்பொறியை முடுக்கியவுடன், விண்டோஸ் தொடங்குவதற்கு முன்னரே புள்ளிகள் தோன்றினால், பழுது பெரும்பாலும் உறுப்பில் உள்ளது. விண்டோஸ் வந்தபின் மட்டும் தோன்றினால், டிரைவர் எனப்படும் மென்பொருள் கெட்டிருக்கக் கூடும். அப்போது 'சேஃப் மோட்' முறையில் கணிப்பொறியைத் தொடங்கி, பழைய டிரைவரை நீக்கிவிட்டு, கார்டைத் தயாரித்தவர்களின் தளத்திலிருந்து புதியதை நிறுவினால் போதும், செலவு ஏதுமில்லை. நெடுநேரம் கடுமையாக வேலை செய்தபின் மட்டும் தோன்றினால், வெப்பத்தையோ எஸ்.எம்.பி.எஸ்.ஸையோ ஐயுற வேண்டும்.

மற்றொரு சோதனையும் செய்தார். புள்ளிகள் தோன்றும்போது 'பிரிண்ட் ஸ்கிரீன்' விசையை அழுத்தித் திரையைப் படமாகச் சேமிக்கச் சொன்னார். அப்படத்தை வேறொரு கணிப்பொறியில் பார்க்கும்போது புள்ளிகள் இல்லையென்றால், குறை பெரும்பாலும் மானிட்டரிலோ கேபிளிலோ உள்ளது. புள்ளிகள் இருந்தால், படம் கார்டிலிருந்து புறப்படும்போதே கெட்டுவிட்டது என்று கொள்ளலாம். இங்கே புள்ளிகள் இருந்தன.

அதன்பின்னரே கார்டைக் கழற்றினார். கணிப்பொறியை நிறுத்தி, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி, சற்றுப் பொறுத்து, கேபினட்டின் உலோகப் பகுதியைக் கையால் தொட்டபின்னரே உள்ளே கை வைத்தார். நம் உடலில் தேங்கும் நிலைமின்சாரம் மெல்லிய சில்லுகளைக் கெடுத்துவிடும் என்பதே காரணம். கார்டின் பொன்னிற முனைகளை மென்மையான ரப்பரால் இலேசாகத் தேய்த்து, துகள்களைத் தூரிகையால் நீக்கினார். பின்பு அதை நண்பர் ஒருவரின் கணிப்பொறியில் பொருத்தினார். அங்கும் அதே புள்ளிகள்! ஆகவே எஸ்.எம்.பி.எஸ். குற்றமற்றது, பழுது கார்டில்தான் என்பது உறுதியாயிற்று.

வெப்பத்தைக் காட்டும் இலவச மென்பொருளை ஓடவிட்டபோது உண்மை வெளிப்பட்டது. பத்து நிமிடத்தில் வெப்பம் 90 பாகையைத் தாண்டியது. விளக்கைப் பிடித்துப் பார்த்தால், இரண்டு விசிறிகளுள் ஒன்று சுழலவே இல்லை! தகடுகளின் இடுக்கில் தூசி பஞ்சுபோல் அடைத்திருந்தது.

மருத்துவம்

தகட்டைக் கழற்றியபோது, சில்லுக்கும் தகட்டுக்கும் இடையே வெப்பத்தைக் கடத்தும் 'தெர்மல் பேஸ்ட்' காய்ந்து சுண்ணாம்புபோல் உதிர்ந்தது. அதை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த மெல்லிய துணியால் துடைத்து, புதிய பேஸ்டைச் சில்லின் நடுவில் துவரம்பருப்பு அளவுக்கு வைத்தார். நினைவகச் சில்லுகளின் மேலிருந்த மெத்தை போன்ற துண்டுகளை அதே கனமுள்ள புதியவற்றால் மாற்றினார். கனம் மாறினால் தகடு சரியாகப் படியாது. திருகாணிகளை எதிரெதிர் மூலைகளாகச் சிறிது சிறிதாக முடுக்கினார். நின்றுபோன விசிறிக்குப் பதில் அதே வகை விசிறி ஒன்று வாங்கப்பட்டது. மொத்தச் செலவு ஆயிரம் ரூபாயை எட்டவில்லை.

ஓவன் வேண்டவே வேண்டாம்

கார்டை ஓவனில் சுடும் யோசனைக்கும் ஒரு மூலம் உண்டு. சில்லு அட்டையோடு நுண்ணிய பற்றாசு உருண்டைகளால் ஒட்டப்பட்டுள்ளது. அவை வெடித்திருந்தால் சூட்டில் உருகி மீண்டும் ஒட்டும் என்பதே அவ்வெண்ணம். மின்னணுப் பொருள்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பியச் சட்டம் 2006-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் பெருவழக்கான ஈயமில்லாப் பற்றாசு உருக ஏறத்தாழ 217 பாகை வெப்பம் தேவை. பழைய ஈயக் கலவைக்கு 183 பாகையே போதும். வீட்டு ஓவனில் சீரான வெப்பம் கிடைப்பதில்லை, பிளாஸ்டிக் உறுப்புகள் உருகும், மின்தேக்கிகள் வெடிக்கும், நம் பிள்ளைகளுக்கு உணவு சமைக்கும் இடத்தில் நச்சுப்புகை படியும்.

அன்றியும், பல வேளைகளில் வெடிப்பு அட்டையில் அன்று, சில்லின் உள்ளேயே இருக்கும். 2008-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் என்விடியா நிறுவனம், மடிக்கணினிகளில் இருந்த தன் சில்லுகள் சிலவற்றின் உள்ளமைப்புப் பொருள் வலுவற்றது என்று ஒப்புக்கொண்டு, பழுதுபார்ப்புக்கும் மாற்றிக் கொடுப்பதற்குமாக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. அத்தகைய சில்லைச் சூடாக்கினால் சில நாள் உயிர்பெறும். பின்பு மீண்டும் அணையும். அதற்குத் தீர்வு புதிய சில்லே.

பழுதுபார்ப்பவரிடம் கேட்க வேண்டியவை

எல்லாக் கார்டுகளும் இவ்வளவு எளிதில் பிழைத்துவிடும் என்று கூறுவதற்கில்லை. மின்பகுதியில் 'ஷார்ட்' ஏற்பட்டிருந்தால், மல்டிமீட்டர் கொண்டு கெட்ட உறுப்பைக் கண்டறிந்து மாற்றலாம். கெட்ட நினைவகச் சில்லையும் தேர்ந்தவர் மாற்றுவர். பெரிய சில்லே மடிந்திருந்தால், செலவு புதிய கார்டின் விலையை நெருங்கும். அப்போது அதன்மேல் பணம் போடுவது வீண்.

ஆகவே கடைக்குச் செல்வோர் நான்கு வினாக்களைத் தயங்காது கேட்க வேண்டும். வேறு கணிப்பொறியில் பொருத்திப் பார்த்தீர்களா? எந்த உறுப்பு கெட்டுள்ளது? மாற்றிய பழைய உறுப்பைத் திருப்பித் தருவீர்களா? செய்த வேலைக்கு எத்தனை நாள் பொறுப்பேற்பீர்கள்? நேர்மையான தொழிலாளி இவ்வினாக்களுக்குச் சினங்கொள்ளமாட்டார். உத்தரவாதக் காலம் முடியாத கார்டைத் தாமே கழற்றுவதும் கூடாது. அவ்வுரிமை பறிபோகக் கூடும்.

உண்மையிலேயே மடிந்த கார்டைக் குப்பையில் எறிவதும் எரிப்பதும் தவறு. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் அது சேர வேண்டும்.

வருமுன் காத்தல் இவை அனைத்திலும் எளிது. கணிப்பொறியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். ஆறு திங்களுக்கு ஒருமுறை தூசியை ஊதி நீக்குங்கள். ஊதும்போது விசிறி இறக்கையைச் சுழலவிடாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். விசிறியின் ஓசை மாறினால் உடனே கவனியுங்கள்.

அம்மகன் நான்கு இரவுகள் கண் விழித்து ஆறு ஆல்பங்களையும் முடித்துக் கொடுத்தான். கார்டின் வெப்பம் இப்போது 70 பாகையைத் தாண்டுவதில்லை. தாயின் சங்கிலி இன்றும் அவர் கழுத்திலேயே இருக்கின்றது. பெரியவர் கூலி வாங்க மறுத்துவிட்டார். மாறாக, அந்தப் பழைய விசிறியை மேசைமேல் வைத்து, "இதைத் தூக்கி எறியாதே தம்பி, இருபத்தைந்தாயிரம் ரூபாய் கேட்டது இதுதான் என்று நினைவிருக்கட்டும்" என்று கூறிச் சென்றார்.