உச்சநீதிமன்றத்தில் ஒரு சட்ட எழுத்தர் பணி

காங்கேயத்துப் பெற்றோரே! சட்டப் பட்டம் பெற்ற உங்கள் மகள் உச்சநீதிமன்றச் சட்ட எழுத்தர் பணியை அறிந்திருக்கிறாளா? வழக்குக் கட்டைச் சுருக்குவதும், முன்தீர்ப்புகளைத் தேடித் தருவதும் நீதிபதிக்கு அவள் ஆற்றும் துணை. இரு எழுத்துத் தேர்வுகளுக்குப் பின் நேர்முகம்.

அதற்குச் சில தீர்ப்புகளையேனும் ஆழ்ந்து படிக்கட்டும். சான்றாக, 2001ஆம் ஆண்டு டேனியல் லத்தீபி வழக்கு: 1986ஆம் ஆண்டுச் சட்டம் செல்லும், ஆயினும் தலாக் பெற்றவளின் எதிர்காலத்திற்கான ஏற்பாட்டைக் கணவர் இத்தாவுக்குள் செய்தாக வேண்டும் என்றது. நிகழ்ச்சி, வினா, முடிவு, காரணம் ஆகிய நான்கையும் விருப்பு வெறுப்பின்றிச் சுருங்கக் கூறப் பழகட்டும். நீதிபதியின் அறையில் அறிந்தவை அமானிதம் என்பதையும் உணரட்டும்.

1989இல் அம்மன்றத்தின் முதல் பெண் நீதிபதியானவர் பாத்திமா பீவி. டெல்லி தொலைவென்று தடுத்துவிடாதீர்கள்.